காரீயம் முதல் பாலித்தீன் வரை: விண்பயணிகளுக்கான கதிர்க்காப்பின் வரலாறு



விண்வெளிக்குச் செல்லும் மனிதரைக் கதிர்வீச்சிலிருந்து காக்க எந்தப் பொருளைச் சுவராக வைக்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் கேட்டால், பெரும்பாலான மாணவர் ‘ஈயம்’ என்றே விடை கூறுவர். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் அறையின் கதவிலும் பணியாளர் அணியும் மேலாடையிலும் ஈயம் இருப்பதை அவர்கள் கேட்டிருப்பர். கனமான பொருளே வலிய காப்பு என்பது நமக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஆயினும் விண்வெளி அறிவியலின் வரலாறு இதற்கு மாறான முடிவையே கண்டது. ஒரே எடையில் ஈயத்தையும் பாலித்தீனையும் நிறுத்திப் பார்த்தால், விண்பயணியைக் கூடுதலாகக் காப்பது நாம் கடைக்குக் கொண்டுபோகும் பையின் பொருளே.

இம்முடிவு ஒரே நாளில் கிட்டியதன்று. 1895 தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் பிடித்தது. அவ்வரலாற்றில் தமிழர் வாழ்ந்த நிலங்களுக்கும் பங்குண்டு. மொழியியல் மாணவன் என்ற முறையில் மற்றொன்றையும் இவ்வுரையில் காட்ட விழைகிறேன். நாம் வழங்கும் சொற்கள் சிலவிடத்து இவ்வுண்மையை மறைக்கின்றன. சிலவிடத்து எதிர்பாரா வகையில் துணைசெய்கின்றன.

தோல், கிடுகு, கவசம்

காப்பு என்ற பொருளில் தமிழ் வழங்கிய சொற்களை முதலில் நோக்குவோம். ‘கவசம்’ வடமொழி வழி வந்த சொல். அதைக் கேட்டவுடன் மார்பில் பூண்ட உலோகத் தகடே நம் மனத்தில் எழுகிறது. பழந்தமிழில் கேடயத்திற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘தோல்’. விலங்கின் தோலால் செய்யப்பட்டமையின் பொருளின் பெயரே கருவிக்கு ஆகிவந்தது. உழிஞைத் திணையில் ‘தோலுழிஞை’ என்றே ஒரு துறையும் உண்டு. ‘கிடுகு’ என்னும் சொல் கேடயத்தையும் குறிக்கும். ஓலையால் முடைந்த கீற்றையும் குறிக்கும். உடலை மறைத்துக் காப்பது என்னும் பொருளில் ‘மெய்ம்மறை’ என்ற சொல்லைப் பதிற்றுப்பத்து ஆள்கிறது.

தோலும் ஓலையும் எடை குறைந்த உயிர்ப்பொருள்கள். பழந்தமிழர் அண்டக்கதிரை அறிந்திருந்தனர் என்று இதனால் கூற வருகிறேன் அல்லேன். அத்தகைய உரிமை கொண்டாடல் மொழிக்குப் பெருமை சேர்க்காது. வேலையும் அம்பையும் தாங்க வேண்டிய வீரன், கையில் தூக்கி ஓடக்கூடிய எடையில் எது காக்குமோ அதைத் தேர்ந்தான். விண்கலப் பொறியாளரின் கேள்வியும் அதுவே: தூக்கிச் செல்லக்கூடிய எடையில் எது மிகுதியாகக் காக்கும்?

இனி ‘ஈயம்’ என்னும் சொல். தமிழில் இது இரு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். கருநிறம் உடையது காரீயம். வெண்ணிறம் உடையது வெள்ளீயம். தமிழகத்து அறிவியல் நூல்களில் அடைமொழியின்றி ‘ஈயம்’ என்றால் பெரும்பாலும் காரீயமே. மலேசியத் தமிழரின் பேச்சில் நிலைமை வேறு. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களையும் ஈயக் குட்டைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு, ‘ஈயம்’ என்றால் பேராக்கின் வெள்ளீயம்தான். ஊடுகதிரைத் தடுக்கும் உலோகத்தைப் பாடத்தில் ‘ஈயம்’ என்று மட்டும் எழுதினால், நம் மாணவர் வேறோர் உலோகத்தை எண்ணிக்கொள்வர். ஆதலின் இவ்வுரை முழுவதும் ‘காரீயம்’ என்றே வழங்குவேன்.

காரீயம் பெற்ற பெயர்

1895 நவம்பரில் செருமானிய இயற்பியலர் வில்லெம் இரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். உடலின் உள்ளே எலும்பைக் காட்டும் அக்கதிர் சில மாதங்களிலேயே உலகெங்கும் மருத்துவக் கருவி ஆயிற்று. அதன் தீமை மெல்ல மெல்லவே தெரிந்தது. அமெரிக்காவில் தாமஸ் எடிசனிடம் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி, ஊடுகதிர்க் குழாய்களை நாள்தோறும் தம் கைகளைக் கொண்டே சோதித்தார். கைகளில் புண் தோன்றிப் புற்றாயிற்று. கைகளை வெட்டியும் பயனின்றி 1904இல் இறந்தார். எடிசன் ஊடுகதிர் ஆய்வையே கைவிட்டார்.

இத்தகைய இழப்புகளுக்குப் பிறகே காரீயத் தகடும் காரீயம் கலந்த ரப்பர் மேலாடையும் ஊடுகதிர் அறைகளில் இடம்பெற்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஊடுகதிர் ஒளியின் இனத்தது. எடையோ மின்னூட்டமோ இல்லாதது. அதை விழுங்குவன அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்கள். 82 எலெக்ட்ரான்களை இறுகப் பிணைத்து வைத்திருக்கும் காரீய அணு இப்பணியில் இலேசான அணுக்களைக் காட்டிலும் பன்மடங்கு வல்லது. எனவே காரீயம் பெற்ற நற்பெயர் நியாயமானதே. பிழை அதன் பின் நேர்ந்தது. ஒரு பகைக்கு எதிரே வென்ற பொருள் எல்லாப் பகைக்கும் எதிரே வெல்லும் என்று பொதுமக்கள் நம்பினர். அறிவியலாரும் சில காலம் அவ்வாறே கருதினர்.

வானிலிருந்து வந்த கதிர்

1912 ஆகஸ்டு 7ஆம் நாள் ஆஸ்திரிய அறிஞர் விக்டர் எஸ் பலூனில் ஏறி 5,300 மீட்டருக்கும் மேலே சென்றார். மண்ணிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கதிர்வீச்சு குறைய வேண்டும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. அவருடைய கருவிகளோ உயரே செல்லச் செல்ல மிகுதியைக் காட்டின. கதிர் வானிலிருந்தே வருகிறது என்று அவர் முடிவு செய்தார். அதற்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்க அறிஞர் இராபர்ட் மில்லிகன் 1925இல் அதற்கு இட்ட பெயரே காஸ்மிக் கதிர். தமிழில் அண்டக்கதிர் என்கிறோம்.

மில்லிகன் அதை ஒளியினத்தைச் சேர்ந்த காமாக் கதிர் என்றே எண்ணினார். பெயரும் அவ்வெண்ணத்திற்கு ஏற்ப அமைந்தது. ஆனால் டச்சு இயற்பியலர் யாக்கோப் கிளே 1927இல் ஜாவாவிலிருந்து நெதர்லாந்துக்குச் சென்ற கப்பலில் கருவியைக் கொண்டுசென்றபோது, நிலநடுக்கோட்டின் அருகே அண்டக்கதிர் குறைந்தும் வடக்கே செல்லச் செல்ல மிகுந்தும் இருக்கக் கண்டார். 1932இல் ஆர்தர் காம்ப்டன் உலகின் பல பகுதிகளில் நடத்திய அளவீடு இதை உறுதிப்படுத்தியது. ஒளியைப் புவியின் காந்தம் வளைக்காது. மின்னூட்டமுள்ள துகளையே வளைக்கும். ஆகவே அண்டக்கதிர் என்பது துகள்களின் கூட்டம். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு ஹைட்ரஜன் அணுக்கருவாகிய புரோட்டான். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஹீலியக் கரு. நூற்றில் ஒன்று அளவே இரும்பு வரையிலான கனமான கருக்கள் என்பது பின்னர்த் தெரிந்தது.

ஆங்கிலப் பெயர் தவறான எண்ணத்தில் பிறந்தது. தமிழ்ச் சொல்லோ தற்செயலாகத் தப்பியது. ‘கதிர்’ நம் மொழியில் ஞாயிற்றின் ஒளிக்கீற்றும் ஆகும்; மணிகள் செறிந்த நெற்கதிரும் ஆகும். கெடா மாநிலத்து வயல்வெளியைக் கண்ட மாணவனிடம், ‘அண்டக்கதிர் ஒளிக்கதிர் அன்று, நெற்கதிரைப் போல் மணிமணியானது’ என்று ஆசிரியர் சொன்னால் ஒரு நொடியில் விளங்கும்.

கிளேயின் கண்டுபிடிப்பு நம் வாழிடத்தையும் தொடுகிறது. தென்னிந்தியாவும் தென்கிழக்காசியாவும் அமைந்த பகுதியில் புவியின் காந்தத் தடை உலகிலேயே மிக வலியதாக உள்ளது. நம் வடக்கெல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் தோய் இந்தானோன் மலைமுடியில் 2007 முதல் இயங்கும் அண்டக்கதிர் நிலையம் இதன் பொருட்டே அங்கு அமைந்தது. காந்தத்தோடு காற்றும் நம்மைக் காக்கிறது. தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் நிறுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன். அதாவது 10 மீட்டர் ஆழமுள்ள நீரின் எடை. விண்கலம் இவ்விரு காப்புகளையும் விட்டு வெளியேறுகிறது. மனிதன் செய்யும் சுவர் அவற்றின் இடத்தை எந்த அளவு நிரப்பும் என்பதே கேள்வி.

மெழுகும் காரீயமும்: 1932 முதல் 1937 வரை

விண்கலம் யாருடைய கையிலும் இல்லாத காலத்திலேயே இக்கேள்விக்கு விடை தரும் மூன்று கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தவர் அன்று எவரும் இலர்.

முதலாவது, 1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டது. மின்னூட்டம் இல்லாத இத்துகள் காரீயத் தகட்டை எளிதில் ஊடுருவியது. மெழுகின் மீது பட்டபோதோ அதிலிருந்து புரோட்டான்களை உதைத்து வெளியேற்றியது. 1934இல் உரோமில் என்ரிக்கோ பெர்மி, மெழுகின் ஊடே செல்லும் நியூட்ரான் வேகம் தணிவதைக் காட்டினார். காரணத்தைக் கோலிக் குண்டு விளையாடும் சிறுவனும் அறிவான். ஒரு குண்டு தன்னையொத்த குண்டின் மேல் மோதினால் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நிற்கும். பெரிய பாறையின் மேல் மோதினால் வேகம் குறையாமல் திரும்பும். நியூட்ரானுக்கு இணையான எடையுள்ள கரு ஹைட்ரஜன். காரீயக் கரு அதற்குப் பாறை. மெழுகில் ஹைட்ரஜன் நிறைந்திருந்தது.

இரண்டாவது, இத்தாலியர் புரூனோ ரோஸி 1932, 33ஆம் ஆண்டுகளில் செய்த சோதனை. மூன்று துகள்மானிகளை ஒரே நேர்க்கோட்டில் அமையாதவாறு வைத்து, மூன்றும் ஒரே கணத்தில் துடிக்கும் தடவைகளை எண்ணினார். ஒற்றைத் துகள் மூன்றையும் கடக்க இயலாது. துகள் கூட்டம் வந்தால்தான் மூன்றும் துடிக்கும். கருவிக்கு மேலே காரீயத் தகட்டை வைத்தபோது எண்ணிக்கை குறையவில்லை, மிகுந்தது. தகட்டின் பருமன் ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் ஆகும் வரை மிகுந்துகொண்டே சென்று, அதன் பின்னரே குறைந்தது. தடுக்க வைத்த தகடே புதிய துகள்களைப் பெருக்கியது. இதை விவரித்த கட்டுரையை ஓர் அறிவியல் இதழ் முதலில் நம்ப மறுத்தது. வெர்னர் ஐசன்பர்க் சான்று கூறிய பின்னரே வேறோர் இதழில் வெளிவந்தது.

இதற்குக் கணித விளக்கம் அளித்த இருவருள் ஒருவர் ஓமி பாபா. அவரும் வால்டர் ஐட்லரும் 1937இல் வெளியிட்ட அருவிக் கோட்பாடு, விரைந்த ஒரு துகள் கனமான அணுவின் அருகே எவ்வாறு பலவாகப் பெருகி, மலையருவி பாறையில் பட்டுச் சிதறுவதுபோல் பொழிகிறது என்று காட்டியது. பாபா பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அண்டக்கதிர் ஆய்வைத் தொடங்கி, 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் நிறுவினார்.

மூன்றாவது, 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் நார்த்விச் நகர ஆய்வகம் ஒன்றில் எதிர்பாராமல் கிடைத்த வெண்ணிற மெழுகு போன்ற பொருள். அதுவே பாலித்தீன். கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நெடுஞ்சங்கிலி அது. மின்கம்பிகளுக்கு உறையிடப் பயன்படும் என்று மட்டுமே அன்று எண்ணினர். காரீயத்தின் குறையை ரோஸி காட்டிய அதே காலத்தில், அதன் இடத்தைப் பிற்காலத்தில் நிரப்பவிருந்த பொருளும் பிறந்துவிட்டது.

கோலாரும் உதகையும்

அண்டக்கதிரின் ஊடுருவும் ஆற்றலை அளக்க இயற்கை தந்த பெருஞ்சுவர் ஒன்று தென்னிந்தியாவில் இருந்தது: கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டு முதல் தோண்டப்பட்ட அச்சுரங்கங்களில் பாறையை வெட்டியவருள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர். அதே மாவட்டங்கள்தாம் மலாயாத் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பின. ஒருசாரார் பால்மரக் காட்டுக்கு வந்தனர். ஒருசாரார் பூமிக்கு அடியில் இறங்கினர். பாறை வெடிப்பும் நுரையீரலைத் தின்னும் கல்தூசும் இவர்களுடைய அன்றாடம்.

1950களின் தொடக்கத்தில் டாட்டா நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் இச்சுரங்கத்தில் கருவிகளை இறக்கி, ஆழம் கூடக் கூட அண்டக்கதிரின் வழித்தோன்றலாகிய மியூவான் துகள்கள் எவ்வாறு குறைகின்றன என்று அளந்தனர். மிக ஆழமான அடுக்கில் பல வாரங்கள் காத்திருந்தும் ஒன்றும் பதிவாகவில்லை. அந்த அமைதியே அடுத்த ஆய்வுக்கு அடித்தளம் ஆயிற்று. 1965இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, சப்பானிய, ஆங்கிலேய அறிஞர் குழு காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை முதன்முறையாகப் பதிவு செய்தது. அறிவியல் கட்டுரைகளில் அறிஞர் பெயர்கள் உள்ளன. அந்த ஆழத்தை வெட்டித் தந்தவர் பெயர்கள் இல்லை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது.

கோலார் தந்த பாடம் எளியது. பொருள் எதுவாயினும் போதிய பருமன் இருந்தால் அண்டக்கதிர் ஏறத்தாழ முழுவதும் அடங்கும். நிலவில் குடியிருப்பு அமைக்க எண்ணுவோர் அதன் மண்ணையே மேலே குவிக்கத் திட்டமிடுவது இதனால்தான். ஆனால் பறக்கும் கலம் மலையைச் சுமக்க இயலாது.

உதகமண்டலத்தில் அண்டக்கதிர் ஆய்வு இன்றும் நடைபெறுகிறது. அங்குள்ள கிரேப்ஸ்-3 நிலையத்தின் 560 சதுர மீட்டர் பரப்புடைய மியூவான் தொலைநோக்கி, 2015 ஜூன் 22ஆம் நாள் ஏறத்தாழ 2 மணி நேரம் அண்டக்கதிர் திடீரென மிகுந்ததைப் பதிவு செய்தது. ஞாயிற்றிலிருந்து வீசிய பெரும் பிழம்பு புவியின் காந்தக் காப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியதே காரணம் என ஆய்வாளர் கண்டனர். நம்மைக் காக்கும் இயற்கை அரணும் நிலையாக நிற்பதன்று என்பதற்கு நீலகிரி தந்த சான்று இது.

மனிதன் அரணைத் தாண்டியபோது

1958இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் கொண்டுசென்ற கருவியைக் கொண்டு சேம்ஸ் வான் ஆலன், புவியைச் சூழ்ந்து துகள்கள் செறிந்த வளையங்கள் இருப்பதைக் கண்டார். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலங்கள் அவ்வளையங்களை விரைந்து கடந்தன. 1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் எட்வின் ஆல்டிரின், இருளிலும் மின்னிமறையும் ஒளிப்பொறிகளைக் கண்டார். அண்டக்கதிர்த் துகள்கள் கண்ணை ஊடுருவியதன் விளைவு அது என்று பின்னர்த் தெளிந்தது. 1972 ஆகஸ்டு தொடக்கத்தில் ஞாயிற்றில் பெரும் புயல் எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பிவிட்டது. டிசம்பரில்தான் அப்பல்லோ 17 புறப்பட்டது. இடைப்பட்ட புயலின்போது எவரேனும் நிலவின் மேல் நடந்திருந்தால் கடும் நோய்க்கு ஆளாகியிருப்பர். அன்று அவர்களைக் காத்தது சுவர் அன்று, நாட்காட்டி.

2000 நவம்பர் முதல் மனிதர் தொடர்ந்து வாழும் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கு, 2007 அக்டோபர் 10ஆம் நாள் புறப்பட்டுச் சென்றார் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபர் ஷுகோர். 11 நாளில் திரும்பினார். உலகில் ஒருவர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அந்நிலையத்தில் வாழ்வோர் ஒரு நாளில் பெறுவது ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லிசீவர்ட். அக்கணக்கில், மண்ணில் ஈராண்டுக்கு மேல் வாழ்ந்து பெறும் அளவு அங்கே 11 நாளில் வந்துவிடும். நிலையத்தின் சுவர் அலுமினியம். அண்டக்கதிர் அதில் மோதும்போது அலுமினியக் கருக்கள் உடைந்து நியூட்ரான் முதலிய துகள்கள் உள்ளே தெறிக்கின்றன. ஆகவே உறங்கும் அறைகளின் சுவர்களில் பாலித்தீன் பலகைகளைப் பொருத்தினர். இரசியப் பகுதியில் ஓர் அறையின் சுவரில், ஈரத் துடைப்புத் துணிகளை அடுக்கிய திரையைத் தொங்கவிட்டும் சோதித்தனர். ஈரத் துணியும் ஒரு கவசம் என்றால் நகைப்புக்கு இடமாகத் தோன்றும். அதிலுள்ள நீர் ஹைட்ரஜனின் இருப்பிடம் என்று அறிந்தார்க்கு வியப்பில்லை.

ஒரே எடையில் எது மேல்?

மின்னூட்டமுள்ள துகளின் வேகத்தைக் குறைப்பன அது கடந்து செல்லும் பொருளின் எலெக்ட்ரான்கள். எனவே, குறித்த எடையில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்பதே முதல் அளவுகோல். அணுவின் எலெக்ட்ரான் எண்ணிக்கையை அதன் எடையெண்ணால் வகுத்தால் இது கிடைக்கும். மாணவர் தாமே செய்து பார்க்கலாம். காரீயத்திற்கு 82ஐ 207ஆல் வகுத்தால் 0.40. அலுமினியத்திற்கு 13ஐ 27ஆல் வகுத்தால் 0.48. கரிக்கு 0.50. நீருக்கு 10ஐ 18ஆல் வகுத்தால் 0.56. பாலித்தீனுக்கு 0.57. தனி ஹைட்ரஜனுக்கு 1. ஹைட்ரஜன் தனியே 1 பெறக் காரணம், அதன் கருவில் நியூட்ரான் என்னும் சுமை இல்லாமையே.

இரண்டாம் அளவுகோல், மோதலில் பிறக்கும் வழித்தோன்றல் துகள்கள். கனமான கரு உடைந்தால் பல துண்டுகளும் நியூட்ரான்களும் வெளிப்படும். ஹைட்ரஜன் கருவோ ஒற்றைப் புரோட்டான். உடைந்து சிதற அதனிடம் வேறொன்றும் இல்லை. மேலும், அண்டக்கதிரில் வரும் இரும்புக் கருவைச் சிறு துண்டுகளாக உடைப்பதிலும் ஒரே எடையில் ஹைட்ரஜன் நிறைந்த பொருளே முந்துகிறது. துகள் உடலில் விளைக்கும் கேடு அதன் மின்னூட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. இரும்புக் கரு ஒன்று புரோட்டானைப்போல் 26 பெருக்கல் 26, அதாவது 676 மடங்கு ஆற்றலைத் தன் தடத்தில் கொட்டுகிறது. அதைச் சுவரிலேயே சிறு துண்டுகளாக்குவது பெரும் பயன்.

இக்கணக்கில் நம் தோட்டத்து ரப்பரையும் சேர்த்துப் பார்க்கலாம். இயற்கை ரப்பரின் அடிப்படை அலகில் 5 கரி அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. 38 எலெக்ட்ரான்களை 68ஆல் வகுத்தால் 0.56, நீருக்கு நிகர். எடையில் ஹைட்ரஜனின் பங்கு நீரில் நூற்றுக்கு 11.2; ரப்பரில் 11.8, பாலித்தீனில் 14.3. சுங்கைப்பட்டாணியைச் சுற்றிய தோட்டங்களில் நம் முன்னோர் விடியலில் மங்கில் வடித்த பால், உறைந்தபின் நீரைவிடச் சற்றே மிகுந்த ஹைட்ரஜன் செறிவுடையது. போரான் கலந்த ரப்பர்த் தகடு நியூட்ரானைத் தடுக்க ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது. பாக்கார் ஆராங் என்னும் ஊர்ப்பெயரின் மலாய்ப் பொருள் கரி சுடுதல். அந்தக் கரியும் நீரில் உள்ள ஹைட்ரஜனும் சேர்ந்தவையே ரப்பரும் பாலித்தீனும் என்று இவ்வூர் ஆசிரியர் தம் மாணவருக்கு எடுத்துக்காட்டலாம்.

சோதனையும் எல்லையும்

கோட்பாட்டைச் சோதிக்க அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வகத்தில் 2003இல் நாசா தனிக்கூடம் ஒன்றைத் திறந்தது. விரைவூட்டப்பட்ட கனமான கருக்களைப் பல பொருள்கள் மீது பாய்ச்சி மறுபுறம் வருவதை அங்கு அளக்கின்றனர். 2009இல் நிலவைச் சுற்ற அனுப்பிய கலம் ஒன்றில், மனிதத் தசையை ஒத்த நெகிழி வைக்கப்பட்டது. ஒரே எடையில் அலுமினியத்தினும் நெகிழி சிறந்த காப்பு என்பதை 2013இல் வெளியான அதன் முடிவுகள் விண்வெளியிலேயே உறுதி செய்தன. 2022 நவம்பர் 16ஆம் நாள் ஆளின்றிப் புறப்பட்ட ஆர்ட்டெமிஸ் 1 கலத்தில், பெண்ணுடல் வடிவில் செய்த இரண்டு பொம்மைகள் அமர்ந்து நிலவைச் சுற்றி வந்தன. ஒன்று பாலித்தீன் மேலாடை அணிந்திருந்தது, மற்றொன்று அணியவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு மேலாடையின் பயனை அளப்பதே நோக்கம்.

இவ்வளவும் கண்டபின் பாலித்தீன் அனைத்தையும் தீர்த்துவிட்டது என்று எண்ணலாகாது. அது தீப்பற்றும், சூட்டில் இளகும், கலத்தின் பாரத்தைத் தாங்கும் சட்டம் ஆகாது. ஆதலின் புறச்சுவர் உலோகமாக இருக்க, உள்ளே உறங்குமிடத்தைச் சூழ்ந்தே அதை வைக்கின்றனர். நாள்தோறும் வேண்டிய நீரையும் உணவுப் பைகளையும் சுற்றி அடுக்கிப் புயல் காலத்தில் அதனுள் ஒடுங்குவது மற்றொரு வழி.

எல்லையும் உண்டு. 2011 நவம்பரில் செவ்வாய்க்குப் புறப்பட்ட கியூரியாசிட்டி கலத்தின் கருவி, வழியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் பதிவு செய்தது. போக வர 360 நாள் என்றால் 650 மில்லிசீவர்ட் வரை ஆகும். நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் 2022இல் வகுத்த வரம்போ 600. ஞாயிற்றுப் புயலின் துகள்களை நல்ல சுவர் பெரிதும் தடுக்கும். விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் பேராற்றல் துகள்களைத் தூக்கிச் செல்லத்தக்க எந்தச் சுவரும் முழுதும் தடுக்காது. எனவே பயணத்தின் காலத்தைக் குறைப்பதும், புயலை முன்னரே அறிவதும் காப்பின் பகுதிகளே. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டு, 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று ஞாயிற்றை நோக்கும் இந்தியாவின் ஆதித்யா எல்-1 கலம் இத்தகைய அறிவைத் திரட்டுகிறது. அது ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி.

சொல்லும் பொருளும்

இவ்வரலாறு கற்பிப்பது ஒன்றே. காப்பு என்பது ஒரு பொருள் தன்னிடத்தே கொண்ட பண்பு அன்று. வரும் பகைக்கும் தடுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு. ஊடுகதிருக்குக் காரீயம், நியூட்ரானுக்கு மெழுகும் நீரும், அண்டக்கதிருக்கு ஹைட்ரஜன் செறிந்த பொருளும் குறுகிய காலமும். ‘எது வலிய கவசம்?’ என்ற வினா முழுமையற்றது. ‘எதற்கு எதிரே, எந்த எடையில்?’ என்று சேர்த்துக் கேட்டாலன்றி அதற்கு விடை இல்லை.

இதனால் பள்ளிகளில் மூன்று சொற்களில் கவனம் வேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘கவசம்’ உலோகத் தகட்டை நினைவூட்டுவதால், பொருளைச் சுட்டாத ‘கதிர்க்காப்பு’ என்னும் சொல்லை ஆளலாம். ‘ஈயம்’ என்று நில்லாமல் காரீயமா வெள்ளீயமா என்று தெளிவுபடுத்த வேண்டும். ஹைட்ரஜனைத் தனித்தமிழில் ‘நீரகம்’ என்பர். வழக்கிலுள்ள பெயரோடு இதையும் ஒருமுறை அறிமுகம் செய்தால், நீர் ஏன் கதிர்க்காப்பு ஆகிறது என்ற விளக்கம் அச்சொல்லின் உள்ளேயே மாணவருக்குக் கிடைத்துவிடும்.

டாலியின் கைகள் புண்பட்டபோது கதிருக்குத் தக்க காப்பு எதுவென்று எவரும் அறியார். இன்று அறிந்திருக்கிறோம். அறிந்ததைத் தெளிந்த சொல்லில் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது, விண்கலம் செய்வோர்க்கு மட்டுமன்றி மொழி கற்பிப்போர்க்கும் உரிய கடன்.